கல்லீரலும் திருநரின் இயக்குநீர் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தவரிடத்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு, வயிற்றின் வலப்புறத்தே விலா எலும்புகளின் மறைவில் அமைந்து, உண்ட உணவையும் பருகிய நீரையும் விழுங்கிய மருந்தையும் ஒருங்கே ஏற்றுத் தரம் பிரிக்கிறது. குடலிலிருந்து திரும்பும் குருதி நேரே இதயத்திற்குச் செல்வதில்லை. வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக முதலில் கல்லீரலை அடைந்து, அங்கே சோதிக்கப்பெற்ற பின்னரே உடலெங்கும் பரவுகிறது. கோட்டை வாயிலில் நின்று, உள்ளே நுழைவோர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்து விடும் காவலனுக்கு இவ்வுறுப்பை ஒப்பிடலாம்.

இக்காவலனுக்கும், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலை விடுத்துத் தாம் உணர்ந்த பாலில் வாழ விழையும் திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்கும் இடையே தொண்ணூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. ஹார்மோன் என வழங்கும் இயக்குநீரை மருந்தாகக் கொள்வோரின் ஈரல் கெட்டுவிடும் என்னும் அச்சம், ஈப்போ போன்ற நகரங்களிலும் ஆயர் தாவார் போன்ற சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே இன்றும் உண்டு. அவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை அம்மருந்தின் வரலாறே தெளிவாக்கும்.

இலக்கணம் கண்ட பால்

பால் திரிந்து வாழ்வோர் தமிழர்க்குப் புதியவர் அல்லர். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்கள் உயர்திணையில் அடங்கும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதி வகுத்தார். பெண்மையை விடுத்து ஆண்மையை விரும்புவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை விரும்புவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்று பின்வந்த பவணந்தியார் நன்னூலில் விரித்தார். அவர்கள் அஃறிணை போன்று வழங்கப்படுதலும் உண்டு என அவரே குறித்திருப்பினும், ஒருவர் அவாவும் பாலையே அவர்க்குரிய பாலாகக் கொண்ட சிந்தனை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் இடம்பெற்றமை எண்ணத்தக்கது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்னும் ஆடலும் ஒன்று. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திங்களில் கூடும் திருநங்கையர் திருவிழா இன்றளவும் தொடர்கிறது.

எனினும், பண்டைக்காலத்தில் உடலை மாற்றுதற்கு இருந்த வழி கத்தி ஒன்றே. விரையை நீக்கினால் ஆண்மைக் கூறுகள் குன்றும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். பெண்மைக் கூறுகளை வளர்க்கும் மருந்து யாதும் அக்காலத்தில் இல்லை. ஆகவே கல்லீரல் இவ்வரலாற்றினுள் நுழைவது இருபதாம் நூற்றாண்டில்தான்.

காவலனைக் கடக்க எழுந்த மருந்து

1849ஆம் ஆண்டு செருமானியக் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட் என்பார் இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றிச் சோதனை செய்தார். விரை நீக்கிய சேவல்களின் கொண்டை வளரவில்லை. விரையை மீண்டும் வயிற்றினுள் பொருத்தியவற்றிற்கு அது வளர்ந்தது. குருதியில் கலந்து செல்லும் ஏதோ ஒன்று இம்மாற்றத்தை விளைக்கிறது என்பது புலனாயிற்று. அத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905இல் இலண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் செருமனியில் அடோல்ஃப் பூட்டனாண்டும் பெண்மை இயக்குநீர் ஒன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். ஆண்மை இயக்குநீராகிய டெஸ்டோஸ்டிரோன் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் ஆக்கவும் பெற்றது.

பெருமுயற்சியால் கிடைத்த இம்மருந்துகளை விழுங்கியபோது எதிர்பார்த்த பயன் விளையவில்லை. குடலிலிருந்து வந்த இயக்குநீரைக் கல்லீரல் முதற்சந்திப்பிலேயே பெரும்பாலும் சிதைத்துவிட்டது. காவலன் தன் கடமையைச் செவ்வனே செய்தான் எனலாம். ஆகவே வேதியியலார் மருந்தின் மூலக்கூற்றில் சிறு மாறுதல் செய்து, கல்லீரலால் எளிதில் சிதைக்க இயலாத வடிவங்களை ஆக்கினர். இவ்வாறு 1935இல் தோன்றியது மெத்தில்டெஸ்டோஸ்டிரோன். 1938இல் பெர்லினில் இன்ஹாஃபன், ஹோல்வெக் ஆகிய இருவரும் ஆக்கியது எத்தினைல் எஸ்டிரடையால். பிற்காலத்துக் கருத்தடை மாத்திரைகளுள் பெரும்பாலானவற்றில் அமைந்த பெண்மை இயக்குநீர் இதுவே.

இவ்விடத்தில்தான் ஈரல் நலத்தின் கதை திரும்புகிறது. காவலனால் சிதைக்க இயலாதவாறு ஆக்கிய பொருள் காவலனையே வருத்தியது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் உட்கொண்டோர் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டதாக 1940களின் இறுதியிலேயே மருத்துவர் எழுதத் தொடங்கினர். பித்தநீர் வடியும் நுண்குழாய்களில் அது தேங்கிநின்றதே காரணம். 1960க்குப் பின் கருத்தடை மாத்திரை உலகெங்கும் பரவியபொழுது, அதனை உண்ட பெண்களுள் சிலருக்கும் அத்தகைய காமாலை கண்டது. 1973இல் சேனட் பாமும் அவர்தம் உடனுழைப்பாளரும், கருத்தடை மாத்திரை உண்ட 7 பெண்களின் கல்லீரலில் புற்றல்லாத கட்டிகள் தோன்றியதை இலண்டனில் வெளிவரும் லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தனர். இவை அரிதாக நேர்ந்தவை; மருந்தின் அளவும் உண்ட காலமும் கூடக்கூட இடரும் கூடியது.

மருந்தின் வழியை மாற்றிய மருத்துவர்

பால்மாற்றம் நாடியோருக்கு உதவ முன்வந்த முதல் நிலையங்களுள் ஒன்று, 1919இல் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினில் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையம். 1933 மே திங்களில் நாசிகள் அதனைச் சூறையாடி நூல்களை எரித்தனர். அறிவு திரட்டப்பட வேண்டிய காலத்தில் அது சாம்பலாயிற்று. இங்கிலாந்தில் மைக்கேல் டில்லன் என்பார் 1939இல் டெஸ்டோஸ்டிரோன் மருத்துவத்தைத் தொடங்கினார். திருநம்பியருள் இம்மருந்தை முதன்முதல் கொண்டோருள் அவர் ஒருவர். பின்னர் மருத்துவராகவும் இறுதியில் பௌத்தத் துறவியாகவும் வாழ்ந்த அவர், 1962இல் வட இந்தியாவின் டல்ஹௌசியில் காலமானார். 1966இல் நியூயார்க்கின் ஹாரி பெஞ்சமின் தம் மருத்துவப் பட்டறிவை நூலாக்கியபின், இத்துறை மருத்துவத்தின் ஒரு கிளையாக ஏற்கப்படலாயிற்று.

நெடுநாள் கண்காணித்து எண்களால் உண்மை கண்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்களே. அவர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 816 திருநங்கையரும் 293 திருநம்பியரும் அடங்குவர். இயக்குநீர் கொண்டோரின் இறப்பு வீதம் பொதுமக்களின் வீதத்தினும் கூடுதலாக இல்லை என்பது அவ்வாய்வின் முதன்மையான முடிவு. ஆயின், திருநங்கையரிடத்துச் சிரைகளில் குருதிக்கட்டி உறைதல் பன்மடங்கு மிகுந்திருந்தது. அவ்விடர் பெரும்பாலும் எத்தினைல் எஸ்டிரடையாலை வாய்வழி உண்டோரிடத்தே காணப்பட்டது. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் கல்லீரலில் உருவாகின்றன. விழுங்கிய மாத்திரை வாயிற்சிரை வழியாகச் செறிவாக வந்து கல்லீரலைத் தூண்டுவதால், அது அப்புரதங்களை அளவுக்கு மீறி ஆக்குகிறது. ஈரல் நோயுறாமலே, ஈரலின் மிகை உழைப்பால் காலிலும் நுரையீரலிலும் கேடு விளைகிறது.

இவ்வறிவின் பயனாக மருத்துவர் மருந்தின் வழியை மாற்றினர். தோலில் ஒட்டும் பட்டையும் பூசும் களிம்பும் ஊசியும் இயக்குநீரை நேரே குருதியில் சேர்ப்பதால், கல்லீரல் முதற்சந்திப்பின் தாக்குதலுக்கு உள்ளாவதில்லை. விழுங்குவதாயினும் உடலில் இயல்பாகவே சுரக்கும் எஸ்டிரடையாலே தேர்ந்தெடுக்கப்படுகிறது. திருநம்பியருக்கு மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கைவிடப்பட்டு, ஊசியும் களிம்பும் நிலைபெற்றன. ஆண்மை இயக்குநீரைத் தடுக்கும் சைப்ரோடிரோன் அசிடேட் என்னும் மருந்து 1970களிலிருந்து ஐரோப்பாவில் வழங்கியது. நாள்தோறும் 200, 300 மில்லிகிராம் என்னும் பேரளவில் அதனை உண்ட முதிய புற்றுநோயாளிகளுள் சிலர் கடும் ஈரலழற்சிக்கு ஆளாயினர். திருநங்கையருக்கு 10 மில்லிகிராம் அளவே போதும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 2022இல் வெளிவந்த உலகளாவிய மருத்துவ நெறிமுறையும் அவ்வாறே கூறுகிறது.

சுருங்கக் கூறின், தக்க மருந்தைத் தக்க அளவில் தக்க வழியில் மருத்துவர் மேற்பார்வையில் கொள்வோரிடத்துக் கடுமையான ஈரல் கேடு அரிது. கேடு வந்தவிடத்தெல்லாம் பழைய மருந்தோ, பேரளவோ, மேற்பார்வை இன்மையோ பெரும்பாலும் உடன்நின்றது.

மலேசியாவில் அடைபட்ட வாயில்

இந்த மூன்றாம் காரணமாகிய மேற்பார்வை இன்மையே மலேசிய வரலாற்றில் முதன்மை பெறுகிறது. 1980களின் தொடக்கத்தில் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பால்மாற்று அறுவை மருத்துவம் நடைபெற்றதுண்டு. முசுலிம்களுக்கு அது தகாது என்னும் சமயத் தீர்ப்பு 1983ஐ ஒட்டி வந்தபின் அப்பணி நின்றது. தீர்ப்பு முசுலிம்களைப் பற்றியதாயினும், பணியே நின்றபொழுது தமிழரும் சீனரும் அந்த வாயிலை இழந்தனர். திருநங்கையர் தமக்கென மாக் நியா என்னும் மதிப்புடைய பெயரைச் சூடிக்கொண்டது 1987ஆம் ஆண்டளவில். பெயர் கிடைத்தது, மருத்துவர் கிடைத்திலர்.

மருத்துவர் இல்லாதவிடத்து மருந்து மட்டும் எளிதில் கிடைத்தது. 1966இல் குடும்பத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டபின் கருத்தடை மாத்திரை நாடெங்கும் பரவியது. நகரத்து மருந்தகங்களிலும் சிற்றூர்க் கிளினிக்குகளிலும் கிடைத்த அம்மாத்திரையில் பெண்மை இயக்குநீர் உண்டு என்பதைத் திருநங்கையர் ஒருவர் வாய்மொழியாக ஒருவர் அறிந்தனர். நாளொன்றுக்கு ஒன்று என்று பெண்களுக்கு அளந்த மாத்திரையை, மாற்றம் விரைந்து வரவேண்டும் என்னும் வேட்கையால் இரண்டாகவும் மூன்றாகவும் அதற்கு மேலாகவும் விழுங்கினோர் உளர். அம்மாத்திரையில் இருந்ததோ, காவலனை வருத்துவதெனக் கண்டு மேலைநாட்டு மருத்துவர் திருநங்கையருக்குக் கைவிட்ட அதே எத்தினைல் எஸ்டிரடையால். அறிவுரை கூற மூத்த திருநங்கை ஒருவர் இருந்தார். குருதியைச் சோதிக்க ஒருவரும் இலர்.

தோட்டப்புறத் தமிழரிடத்து இந்நிலை இன்னும் கடினமாயிற்று. நன்னீர் என்னும் பொருள்படும் பெயரையுடைய ஆயர் தாவார், மஞ்சோங் மாவட்டத்தில் சித்தியவானுக்கு அருகே அமைந்தது. அதனைச் சூழ்ந்த பகுதியிலும் பேராக்கின் பிற பகுதிகளிலும் இரப்பர்த் தோட்டங்கள் தமிழரின் வாழ்விடமாய் விளங்கின. தோட்டத்து மருந்தகமும் அங்கிருந்த டிரெஸருமே பலருக்கு முதலும் முடிவுமான மருத்துவ உதவி. காய்ச்சலையும் காயத்தையும் சொல்லத்தக்க அவ்விடம், உடலும் உள்ளமும் முரண்படும் துயரைச் சொல்லத்தக்க இடமாக இருக்கவில்லை. வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டிற்கு மறையாது. ஆதலின் திருநங்கையராக வாழ விழைந்தோர் தோட்டத்தை விட்டு ஈப்போவிற்கோ பினாங்கிற்கோ தலைநகருக்கோ சென்றனர். பின்னாளில் இரப்பர் வீழ்ந்து செம்பனை பரவி, தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது, திரும்பிவரத் தோட்டமும் இல்லாதாயிற்று.

மாத்திரையின்மேல் விழுந்த பழி

ஈரல் கெட்ட திருநங்கை ஒருவரைக் கண்டவுடன் இயக்குநீரே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. மருத்துவம் அவ்வாறு விரைவதில்லை. கல்லீரலின் பகைவர் வேறு பலர் உளர்.

முதற்பகை ஹெப்பாடிடிஸ் பி என்னும் நச்சுயிரி. பாருக் பிளம்பர்க் இதன் சுவட்டை 1965இல் அறிவித்தார். அதற்காக 1976இல் நோபெல் பரிசு பெற்றார். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இதற்கான தடுப்பூசி 1989 முதல் வழங்கப்படுகிறது. அதற்கு முன் பிறந்தோர், இன்று நாற்பதை நெருங்கியவரும் கடந்தவரும், பிறப்பில் அக்காப்பைப் பெறாதவர். தோட்டங்களில் பிறந்து நகரங்களில் முதிர்ந்த திருநங்கையர் பலர் இத்தலைமுறையினர். அறிகுறி காட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஈரலில் தங்கும் இந்நோயைக் குருதிச் சோதனையால் மட்டுமே அறியலாம்.

இரண்டாம் பகை ஹெப்பாடிடிஸ் சி. 1989இல் கண்டறியப்பட்ட இந்நச்சுயிரியை ஒழிக்கும் மாத்திரைகள் பின்னர் வந்தன, விலை எட்டாதிருந்தது. 2017இல் மலேசிய அரசு, காப்புரிமையை மீறித் தன் மக்களுக்காக மலிவு விலையில் சொஃபொஸ்புவிர் மருந்தைப் பெறும் அரசுரிமையைப் பயன்படுத்தியது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இம்மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உலகமே உற்று நோக்கிய இச்செயலின் பயன், சோதனைக்குச் செல்ல அஞ்சுவோரை மட்டும் அடைவதில்லை.

மூன்றாம் பகை மது. கள்ளுக்கடைகளை மூடுக என்பது 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளுக்குப் பின் வந்த சம்சு இன்னும் கொடியது. வீட்டாரால் விலக்கப்பட்டுத் தனிமையில் உழல்வோர் மதுவை நாடுதல் எப்பாலார்க்கும் பொதுவான வீழ்ச்சி. நான்காம் பகை கொழுப்பு. நீரிழிவும் உடற்பருமனும் மிகும்போது ஈரலில் கொழுப்புப் படிகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பின்படி வளர்ந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவுடையோர். பெரிய இனத்தவருள் இந்தியரிடத்தே அவ்வீதம் மிகுதி. டெஸ்டோஸ்டிரோன் கொள்ளும் திருநம்பியர் எடை கூடாது காத்துக்கொள்ளுதல் இதனால் இன்றியமையாதது. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் தசை வளர்க்கும் மாத்திரைகளுட் பல, மெத்தில்டெஸ்டோஸ்டிரோனின் இனத்தவை என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

தமிழகம் காட்டிய வழி

அடைபட்ட வாயில் திறக்கப்பட்டால் யாது விளையும் என்பதற்குத் தமிழ்நாடு சான்றாகிறது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் அங்குத் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை மருத்துவம் செய்யவும் வழி பிறந்தது. ஆறாண்டு கழித்து, 2014இல் அதே நாளில், தம் பாலைத் தாமே கூறும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர்ச் சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் திருநர்க்கெனப் பல்துறை மருத்துவப் பிரிவுகள் தோன்றின. மனநல மருத்துவர், இயக்குநீர் மருத்துவர், அறுவை மருத்துவர் ஆகியோர் ஒருங்கே அமரும் இடத்தில், மாத்திரைக்கு முன்னரே குருதிச் சோதனை வருகிறது. குறைகள் அங்கும் உண்டு; தொலைவூர்களில் வாழ்வோர் பலர் இன்னும் மருந்துக் கடையையே நம்புகின்றனர். எனினும் கதவு திறந்திருக்கிறது.

ஈரல் நலம் என்றதும் தமிழர் நினைவில் எழுவது கீழாநெல்லி. இதனையும் சென்னை அறிஞர் ஆராய்ந்தனர். தியாகராசனும் அவர்தம் குழுவினரும், நச்சுயிரியைக் கண்ட பிளம்பர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஹெப்பாடிடிஸ் பி தங்கியவர்களுக்குக் கீழாநெல்லி இனத்துச் செடியின் பொடியைக் கொடுத்தபோது நூற்றுக்கு 59 பேரிடம் நச்சுயிரிச் சுவடு நீங்கியதாக அது கூறியது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆயின் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. மரபைப் போற்றுவோரும் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. மாத்திரையை மிகுதியாக விழுங்கிவிட்டு, கீழாநெல்லி ஈரலைக் காக்கும் என்று அமைதியுறுதல், இரு மருந்தையும் பிழையாகக் கொள்வதாகும்.

செய்யத்தக்கன

வரலாறு கூறும் பாடம் சிக்கலானதன்று. இயக்குநீரைத் தொடங்குமுன் ஈரல் செயற்பாட்டையும் ஹெப்பாடிடிஸ் பி, சி நிலையையும் சோதித்தல் வேண்டும். காப்பு இல்லையெனில் தடுப்பூசி இட்டுக்கொள்ளலாம். சி இருப்பின் குணப்படுத்தலாம். கருத்தடை மாத்திரையை இதற்கெனப் பயன்படுத்துதலைத் தவிர்த்தல் வேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், உடலெங்கும் அரிப்பு, வலவிலாவின் கீழ் வலி ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். காலொன்று திடீரென வீங்கினும் மூச்சுத் திணறினும் நேரே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சென்றவிடத்தில் உண்ணும் மருந்தை மறைத்தல் ஆகாது. ஒருவர் காசநோய்க்கு உண்ணும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்து இயக்குநீரை விரைந்து சிதைக்கும், ஈரலையும் வருத்தும். மறைத்த மாத்திரையை மருத்துவர் கணக்கிட இயலாது.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டியதில்லை. அரசு நலநிலையங்களில் மலேசியக் குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். தடையாக நிற்பது காசு அன்று. பதிவு மேசையில் அடையாள அட்டையின் பெயரை உரக்க அழைக்கும்பொழுது காத்திருப்போர் அனைவரும் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியே. அந்நொடிக்கு அஞ்சித் திரும்பியவர் மீண்டும் மருந்துக் கடைக்கே செல்கிறார்.

ஆகவே திருநரின் ஈரலைக் காப்பது மருத்துவரின் கடமை மட்டுமன்று. பெயரை மெல்லக் கேட்கும் எழுத்தர், இழிசொல் கூறாத தாதி, உடன்வந்து அமரும் அண்ணன் அல்லது அக்காள், வகுப்பறையில் ஒரு மாணவனின் நடையை எள்ளி நகையாடுவதைத் தடுக்கும் ஆசிரியர் ஆகிய அனைவரும் அக்காவலில் பங்குடையோர். அவர்கள் தம் கடமையைச் செய்யுமிடத்தில் கல்லீரலும் தன் கடமையைச் செய்யும்.